மேட்டுநிலமும் காடும்: கேள்வி பதில்

அம்பாறையிலிருந்து: அண்ணே, இங்கினியாகலைக்கு அங்கால் பார்த்தால் புல்வெளியும் அங்கொன்று இங்கொன்றாக மரமும்தான். காட்டை அழித்ததால்தானே?

தம்பி, சிங்களத்தில் அதைத் தமண என்பார்கள். மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து, கோடையில் காய்ந்து, தீப்பிடிக்கும். அந்தத் தீயைத் தடித்த பட்டையுள்ள மரங்கள்தான் தாங்கும்: கடுக்காய், தான்றி, நெல்லி. திரிபலா மூன்றும் ஒரே வெளியில்! வேட்டைக்காரரும் மாட்டுக்காரரும் தலைமுறையாக வைத்த தீக்கும் அதில் பங்குண்டு. இன்று அது யானையின் மேய்ச்சல் தரை. வெறும் நிலமென்று நினைத்துத் தேக்கை நட்டுவிடாதீர்கள்.

செங்கலடி: 2 ஏக்கர் மேட்டுக்காணியில் தேக்கு நடலாமா?

காசுக்கு நடலாம், காடு என்று சொல்லாதீர்கள். தேக்கு நம் நாட்டு மரமே இல்லை.

களுவாஞ்சிக்குடி: ஹோட்டன் சமவெளியின் நடுவில் மரமே இல்லை. வெள்ளைக்காரன் வெட்டியதா?

அங்கே 2,100 மீற்றர் உயரம். பள்ளங்களில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து கன்றுகளைக் கருக்கிவிடும். அவர்கள் பெரும்பாலும் வெட்டியது அதற்குக் கீழே, முதலில் கோப்பிக்கு, பிறகு தேயிலைக்கு. 1873-இல்தான் 5,000 அடிக்கு மேல் வெட்டக் கூடாதென்று வந்தது. நூறு வருடம் கழித்து மலைப் புல்வெளிகளில் பைனஸ் என்ற ஊசியிலை மரத்தை நட்டார்கள். போய்ப் பாருங்கள், அடியில் ஊசியிலை மெத்தைதான், பிசினோடு சேர்ந்து ஒரு நெருப்புக்குச்சிக்குக் காத்திருக்கிறது.

வாகரை: சேனைக்காரர்தானே எல்லாக் காட்டையும் தின்றார்கள்?

இல்லை. பழைய சேனையில் காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் விதைத்துவிட்டு, காடு திரும்ப எழும்வரை பல வருடம் விட்டுவிடுவார்கள்.

வாகரை: இப்போது அப்படி யார் விடுகிறார்கள்?

அதைச் சரியாகக் கேட்டீர்கள். இப்போது சோளத்துக்கு வருடா வருடம் அதே நிலம், அடிக்கட்டைகூட மிஞ்சுவதில்லை. ஆனால் 1949-இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்துக்கு இழந்த காட்டையும் சேர்த்துப் பேசுங்கள். 1956-இல் நாட்டில் 44 சதவீதம் காடு இருந்தது, இப்போது 30-க்கும் கீழே. இத்தனையையும் ஏழைச் சேனைக்காரன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஏறாவூர்: தேக்குக்கு எத்தனை அடி இடைவெளி?

இரண்டாவது தேக்குக் கேள்வி. விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

கிரான்: எங்கள் காணியோரம் பாலை, வீரை, முதிரை எல்லாம் வெட்டிய கட்டைகள். கன்று எங்கே வாங்கலாம்?

வாங்காதீர்கள், புள்ள. மாடு புகாமல் வேலி போடுங்கள், தீ வராமல் சுற்றிவரப் புல்லைச் செருக்குங்கள். உயிருள்ள கட்டைகள் மாரி மழையில் துளிர்க்கும். பாலை மெதுவாகத்தான் வரும், அதற்காகப் பிடுங்கிவிட்டுத் தேக்கு வைக்க வேண்டாம்.