மகன் கிற்றார் செய்யப் போகிறாராம்: ஒரு தாய்க்குப் பதில்

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படித்தார், இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை, இப்போது உங்கள் தம்பியின் தளபாடப் பட்டறையில் நின்று கிற்றார் செய்யப் போகிறேன் என்கிறார். "வாசிக்கப் போகிறேன் என்றாலும் பரவாயில்லை, செய்யப் போகிறாராம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஒரு தொழிலா, காலத்தைக் கழிக்கும் வழியா என்று கேட்கிறீர்கள்.

செய்யட்டும் அம்மா. ஆனால் கிற்றார் விற்றுக் குடும்பம் நடத்தலாம் என்று இப்போதைக்கு நீங்களும் நம்ப வேண்டாம், அவரும் நம்ப வேண்டாம். பழுது பார்த்துச் சம்பாதிக்கலாம், நல்ல மரவேலை செய்து சம்பாதிக்கலாம். முதல் கிற்றாரை அந்த இரண்டுக்குமான பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும். உருக்குக் கம்பி ஆறையும் சுதி சேர்த்து முறுக்கினால் எல்லாம் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும், ஒரு மூட்டை நெல்லின் பாரம். அதைத் தாங்கும் முகப்புப் பலகையின் தடிப்பு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான். தடிப்பைக் கூட்டினால் சத்தம் அமுங்கிவிடும், குறைத்தால் பலகை வயிறு வைத்துவிடும். அதனால்தான் உள்ளே மெல்லிய சட்டங்களைக் குறுக்கும் மறுக்குமாக, பெருக்கல் குறி மாதிரி ஒட்டுகிறார்கள். அமெரிக்காவின் மார்ட்டின் பட்டறை 1840களிலேயே கையாண்ட முறை இது. இன்றைக்கும் பெரும்பாலான உருக்குக் கம்பிக் கிற்றார்களுக்குள் இதுதான் இருக்கிறது.

பிரெட், அதாவது விரல் வைக்கும் பலகையில் குறுக்காகப் பதிக்கும் உலோகக் கட்டைகள், அவற்றைப் பதிக்கும் கணக்கைப் பாருங்கள். கம்பியின் நீளம் 645 மில்லிமீற்றர் என்றால் அதை 17.817ஆல் பிரிக்க வேண்டும். 36.2 வரும், முதல் பிரெட் அங்கே. மிச்ச நீளத்தை மறுபடி 17.817ஆல் பிரித்தால் அடுத்தது. இப்படியே போனால் பன்னிரண்டாவது பிரெட் சரி பாதியில் வந்து நிற்கும். பலகையில் குறிக்கும்போது மட்டும் ஒவ்வொன்றையும் தலைப்பக்கத்திலிருந்தே அளக்க வேண்டும். முந்தின கோட்டிலிருந்து அளந்தால் சின்னச் சின்னப் பிழைகள் கூடிக்கொண்டே போகும். அலுமாரிக் கதவில் அரை மில்லிமீற்றர் பிசகினால் பூசி மறைத்துவிடலாம். இங்கே பிசகினால் சுரம் தப்பும், காதுள்ள எவருக்கும் கேட்கும். இந்தக் கண்டிப்புக்குப் பழகிய கையை எந்தத் தளபாடப் பட்டறையும் விடாது. உங்கள் தம்பியிடமே கேட்டுப் பாருங்கள்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டிலிருந்து முழு உதிரிப் பொதியாக வாங்க வேண்டாம். அதில் பக்கப் பலகைகளை வளைத்தே அனுப்புவார்கள், மகன் கற்க வேண்டிய வேலையை வேறு யாரோ செய்து முடித்திருப்பார்கள். முகப்புக்கு வழமையாகப் போடும் ஸ்ப்ரூஸ் மரம் நம் நாட்டில் வளராது. ஆனால் மகோகனி இருக்கிறது. இங்கே நட்டு வளர்த்த பெரிய இலை மகோகனியும், கிற்றார் உலகம் காலங்காலமாகப் பயன்படுத்திய தென்னமெரிக்க மகோகனியும் ஒரே இனம். 1930களில் மார்ட்டின் முகப்பு உட்பட முழுக்க மகோகனியில் செய்த மலிவு விலைக் கிற்றார்களை இன்றும் தேடி வாங்குகிறார்கள். முதல் கிற்றாருக்கு அது போதும். பிரெட் கம்பி, சுதி முறுக்கும் சாவிகள், கழுத்து வளையாமல் உள்ளே வைக்கும் டிரஸ் றொட் என்ற உலோகத் தண்டு, இவற்றை மட்டும் வெளியிலிருந்து எடுத்தால் சரி. மரத்தை அனுமதிப்பத்திரம் உள்ள ஆலையிலேயே வாங்குங்கள். கருங்காலி மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முகக்கவசம் இல்லாமல் இழைக்க விடாதீர்கள். முதிரை மரத்தூள் தோலையே அரிக்கும், நெஞ்சுக்குள் போனால் சும்மா இருக்காது.

நம் ஊர்க் காலநிலையைப் பற்றி மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள், வெளிநாட்டுக் காணொளிகளில் இது இருக்காது. காற்றில் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கும்போது ஒட்டு என்பார்கள். வாவிக்கரையில் மாரி மழைக்குள் அது நடக்குமா? அந்த ஈரத்தில் சட்டங்களை ஒட்டினால், வைகாசி ஆனியில் காய்ந்த கச்சான் காற்று அடிக்கும்போது பலகை சுருங்கி வெடிக்கும். கச்சான் காலத்தில் ஒட்டினால் மழைக்குக் கொஞ்சம் ஊதும், ஆனால் வெடிக்காது. ஆகவே மாரியில் மரத்தை அறுத்து அடுக்கிக் காயவிடட்டும், கழுத்தைச் செதுக்கட்டும், இரும்புக் குழாயைச் சூடாக்கிப் பக்கப் பலகை வளைத்துப் பழகட்டும். 2 மில்லிமீற்றர் பலகையை நனைத்துக் குழாயில் வைத்து, மரம் தானாக இளகுவது கைக்குத் தெரியும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் முறியும், தாமதித்தால் கருகும். பழைய துண்டுகளில் நாலைந்து முறித்தால்தான் கை வரும். முறிகிறதே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இதே காலநிலைதான் அவருக்குப் பிழைப்பும் தரும். கடையில் வாங்கி வரும் கிற்றார்கள் இந்த ஈரத்திலும் வெயிலிலும் முகப்பு வீங்கி, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் கட்டை கிளம்பி, கம்பி உயர்ந்து விரலை அறுக்கும். மட்டக்களப்பில் எத்தனை தேவாலயங்கள், எத்தனை பாடகர் குழுக்கள், எத்தனை கல்யாண வீட்டு இசைக்குழுக்கள்! நம் பறங்கியர் குடும்பங்களில் தச்சுவேலையும் வயலினும் கிற்றாரும் ஒரே வீட்டுக்குள் இருந்து வந்தவை. அந்த மூத்தவர்கள் யாராவது வேலை செய்கிற இடத்தில் மகன் சில நாள் போய் நிற்கட்டும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழைய யாழின் அமைப்பைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தவர். அவர் பெயரில் கல்லடியில் இருக்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கும் பிள்ளைகளின் வாத்தியங்களும் பழுதாகத்தான் செய்யும். மகனின் முதல் வாடிக்கையாளர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இனி, நீங்கள் விடாமல் பிடிக்க வேண்டிய விஷயம் சான்றிதழ். பகலில் மரவேலையில் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டம், மாலையில் கிற்றார் என்று பேசி முடிவெடுங்கள். நான்காம் மட்டம் என்றால் தனித்து வேலை செய்யத் தகுதி பெற்ற தொழிலாளர் என்று அர்த்தம், அதற்கு மேல் ஐந்திலும் ஆறிலும் டிப்ளோமா வரை போகலாம். பயிற்சி நிலையத்துக்குப் போக மகன் மறுத்தால், மாமாவின் பட்டறையில் வேலை பழகிய பிறகு முன்கற்றலை மதிப்பிடும் முறையிலும் அதே சான்றிதழை எடுக்கலாம். கிற்றாருக்காக இதைத் தள்ளிப்போட மட்டும் சம்மதிக்காதீர்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே பாடசாலைகள் உண்டு, அரிசோனாவில் ஒன்று 1975இலிருந்து நடக்கிறது. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். காணி ஈடு வைத்து அனுப்பும் விஷயம் அல்ல இது.

ஒரு கச்சான் காலம் முடியும் வரை பொறுங்கள். முதல் கிற்றார் நூறு மணி நேரத்துக்கு மேல் கேட்கும், இடையில் சலிப்பும் வரும். சலித்தாலும் மறுநாள் பட்டறைக்குப் போகிறாரா, பிழைத்த துண்டை மறைக்காமல் மாமாவிடம் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். சத்தம் எப்படி வந்தது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்த வாரம் மாவட்டத் தொழிற்பயிற்சி அதிகாரசபை அலுவலகத்துக்கு மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுப் பிரதிகள், அடையாள அட்டை, இவற்றோடு அவர் கையால் செய்த ஏதாவதொரு மரப் பொருத்தையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.