5,000 ரூபாய்க்குள் கார் கதவு ஸ்பீக்கர்களை மாற்றினால் ஒலி உண்மையில் மேம்படுமா?

சென்னையில் ஓட்டும் சிறிய ஹேட்ச்பேக் காரில் கம்பெனி பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோவை அப்படியே வைத்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும் இல்லாமல், 5,000 ரூபாய்க்குள் நான்கு கதவுகளின் ஸ்பீக்கர்களையும் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒலி நிச்சயமாக மேம்படும். ஆனால் நான்கையும் மாற்றாதீர்கள். முழுத் தொகையையும் முன்கதவுகள் இரண்டுக்கே செலவிடுங்கள். அதிலும் ஏறத்தாழ 3,000 ரூபாயை ஸ்பீக்கருக்கும் மீதியைக் கதவுக்கும் ஒதுக்குங்கள். கதவுக்கு எதற்குப் பணம் என்று கடையில் கேட்பார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கதவுதான்.

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி உண்டு. காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவு செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் எழுப்பும் ஒலியலைக்கு நேர் எதிரான அலை ஒன்று அதன் பின்பக்கத்திலும் எழுகிறது. கதவின் உள்தகட்டில் கண்ணாடியை இயக்கும் மோட்டாருக்காகவும் பூட்டுக்காகவும் கை நுழையும் அளவுக்குப் பெரிய துளைகள் இருக்கின்றன. பெரும்பாலான சிறிய கார்களில் அவற்றை மூடியிருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே. பின்பக்க அலை அந்தத் துளைகள் வழியே வெளியேறி முன்பக்க அலையோடு கலக்கும்போது தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் கணீரென்று கேட்கும்போதே இடந்தலையின் கும்கி என்னும் ஆழ்ந்த ஒலி மட்டும் வெறும் தட்டலாகத் தேய்ந்துபோவதற்கு இதுவே முதற்காரணம். வெளித்தகடு மெல்லியதாக இருப்பதால் தானும் அதிர்ந்து பொருந்தாத ஒலியைச் சேர்ப்பது அடுத்த காரணம். இவ்விரண்டையும் சரிசெய்யாமல் விலையுயர்ந்த ஸ்பீக்கரை மாட்டினால் மேல்சுரங்கள் தெளிவடையுமே தவிர, பாட்டுக்கு உடல் சேராது.

அதிர்வைக் குறைக்க, ஒரு பக்கம் அலுமினியத் தகடும் மறுபக்கம் பியூட்டைல் ரப்பரும் உள்ள டேம்பிங் ஷீட்டை வாங்குங்கள். 2 மில்லிமீட்டர் தடிமன் போதும். கதவு முழுவதையும் மூட வேண்டியதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள வெளித்தகட்டிலும் அதன் நடுப்பகுதியிலுமாக நான்கில் ஒரு பங்குப் பரப்பில் ஒட்டினாலே தகட்டின் அதிர்வு பெரிதும் அடங்கிவிடும். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, உருளையால் அழுத்தி ஒட்டுங்கள். இதே தோற்றத்தில் தார் கலந்த ஷீட்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சென்னையின் கத்திரி வெயிலில் நிழலின்றி நிற்கும் காருக்குள் அவை இளகி வழிவதும் நாற்றம் எழுப்புவதும் உண்டு என்பதால் அவற்றைத் தொடவே வேண்டாம். மீதமுள்ள ஷீட்டைக் கொண்டு ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள உள்தகட்டுத் துளைகளை மூடுங்கள். ஒரு முக்கியமான விலக்கு: சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான அழுத்த உணரி கதவுக்குள்ளேயே இருக்கும், அத்தகைய கதவின் காற்றடைப்பை மாற்றுவது பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், சர்வீஸ் சென்டரில் கேட்டு உறுதிசெய்யாமல் உள்தகட்டில் கை வைக்காதீர்கள்.

மழைநீரையும் நினைவில் கொள்ள வேண்டும். கண்ணாடியில் விழும் நீர் ரப்பர் விளிம்பைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கி, அடிப்பகுதியில் உள்ள வடிகால் துளைகள் வழியே வெளியேறும்படிதான் எல்லாக் கார்க் கதவுகளும் அமைந்திருக்கின்றன. அந்தத் துளைகளை ஷீட்டால் அடைத்துவிட்டால் ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே கதவின் அடிப்பகுதி துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையே வைக்கும் வளையம் எம்.டி.எஃப். என்னும் மரத்தூள் பலகையால் ஆனதாக இருந்தால் ஈரம் உறிஞ்சி உப்பிவிடும். பிளாஸ்டிக் வளையமே நல்லது. வளையத்தின் இரு பக்கமும் நுரை நாடா ஒட்டினால் காற்றுக் கசிவு நிற்கும். பிளாஸ்டிக் தாளை விலக்கியிருந்தால் அதைத் திரும்ப ஒட்டாமல் டோர் பேடை (கதவின் உட்பக்க உறையை) மூடாதீர்கள்.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓடும் காரில் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட், அதைத் தன்னாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 52 வரும். ஸ்டீரியோக்களின் மேல் எழுதப்படும் 50 வாட்ஸ் என்பது இந்தக் கணக்கின் உச்சம்தான். ஒலி சிதையாமல் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, உண்மையில் கிடைப்பது 20 வாட்ஸுக்கும் குறைவே. இவ்வளவு சிறிய சக்தியில் இயங்கப்போகும் ஸ்பீக்கரில் நாம் பார்க்க வேண்டியது அதன் சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட்ஸ் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலிக்கிறது என்பது. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கரை வாங்குவது ஆம்ப்ளிஃபையரின் சக்தியை இருமடங்காக்குவதற்குச் சமம். சிலர் இந்த அளவை 1 வாட்ஸுக்குப் பதில் 2.83 வோல்ட்டுக்குக் குறிப்பிடுவார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட்ஸ் என்பதால், ஒப்பிடும்போது 3 டெசிபலைக் கழித்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு எடை குறைந்தது, சிறு சக்திக்கே நன்றாக ஒலிப்பது. கனத்த பிளாஸ்டிக் கூம்புள்ள மலிவான ஸ்பீக்கரை அதன் இடத்தில் வைத்துவிட்டு, முன்பைவிடச் சத்தம் குறைந்துவிட்டதே என்று வருந்துவோர் பலர்.

உங்கள் ஸ்டீரியோ 4 ஓமுக்கு என்று வடிவமைக்கப்பட்டிருந்தால் 2 அல்லது 3 ஓம் ஸ்பீக்கர்களைத் தவிர்த்துவிடுங்கள், ஸ்டீரியோ சூடேறும். கதவில் மட்டும் ஸ்பீக்கர் இருக்கிறது, மேல்சுரங்களுக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டர் தனியாக இல்லை என்றால், ட்வீட்டரும் உள்ளேயே சேர்ந்திருக்கும் கோஆக்ஸியல் ஜோடியே இந்தத் தொகைக்குப் பொருத்தமானது. பக்கவாட்டுக் கண்ணாடிக்கு உட்புறமுள்ள முக்கோணத்திலோ முன்கண்ணாடியின் தூணிலோ ஏற்கெனவே ட்வீட்டர் இருந்தால், கோஆக்ஸியலின் ட்வீட்டரும் சேர்ந்து காதைக் குத்தும். பழைய ட்வீட்டரின் கப்ளரை (ஒயர் இணைப்பானை) கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ட்வீட்டர் தனியாக வரும் காம்போனென்ட் செட் இந்தத் தொகைக்குக் கிடைத்தாலும், நல்ல கோஆக்ஸியலைவிட அது சிறந்ததாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

வாங்குவதற்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் அக்சஸரீஸ் கடைகளும், ஒயர், கப்ளர் போன்ற சில்லறைப் பொருள்களுக்கு ரிச்சி தெருவும் போதும். கடைக்குப் போகுமுன் ஸ்பீக்கரின் அளவையும், கண்ணாடியை முழுவதும் இறக்கிய நிலையில் அதற்கும் ஸ்பீக்கர் அமரும் தகட்டுக்கும் இடையே உள்ள ஆழத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியில் இடித்தால் எவ்வளவு தரமான ஸ்பீக்கரும் பயன்படாது. உங்கள் காரின் மாடலுக்குரிய கப்ளர் ஒயர் தனியே விற்கிறது. அதை வாங்கினால் கம்பெனி ஒயரை வெட்டவே வேண்டியதில்லை, உத்தரவாதத் தகராறுக்கும் வாய்ப்பு குறைவு. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் வசிப்பவர்கள் ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். உப்புக்காற்றில் அந்த இணைப்பு விரைவில் பச்சை பூத்துவிடும்.

மாட்டும் வேலையை நீங்களே செய்யலாம். டோர் பேடின் கைப்பிடிக் குழிக்குள் மறைந்திருக்கும் திருகுகளை முதலில் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்புக்கு அருகிலேயே நெம்புங்கள். வெயிலில் காய்ந்த பழைய கிளிப்புகள் உடையும் என்பதால் சில உதிரிக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல கார்களில் கம்பெனி ஸ்பீக்கர் ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்போது உதிரும் இரும்புத் துகள்களைத் துணியில் பிடித்து அகற்றாவிட்டால் அவை கதவுக்குள் துருப்பிடிக்கும், புதிய காந்தத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

பேடை மூடுவதற்குமுன் இணைப்பின் திசையை உறுதிசெய்வது அவசியம். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸ் முனையிலும் மைனஸை மைனஸ் முனையிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளிப்பக்கமாக நகர வேண்டும். ஸ்டீரியோவின் பின்னால் உள்ள கப்ளரைக் கழற்றி, அங்கிருந்து கதவுக்குள் வரும் ஒயர் வழியாகவும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். இரு கதவுகளில் ஒன்று மாறியிருந்தால் தாழ்ந்த ஒலி நடுவில் காணாமல் போய்விடும். கடையில் அவசரமாக மாட்டித் தரும்போது அடிக்கடி நடப்பது இது.

எல்லாம் முடிந்ததும் ஸ்டீரியோவில் லவுட்னஸ் என்னும் ஒலியூட்ட வசதியை அணைத்து, பாஸையும் ட்ரெபிளையும் நடுவில் வைத்துக் கேளுங்கள். சோதிப்பதற்கு எஃப்.எம். வேண்டாம், அதன் ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நல்ல தரத்தில் பதிவான கச்சேரி ஒன்றை பென் டிரைவில் போட்டுக் கேளுங்கள். சத்தத்தைக் கூட்டும்போது கூம்பு தடுமாறினால், ஸ்டீரியோவில் தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் ஹை பாஸ் வசதி இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்பீக்கரின் பிளஸ் ஒயரிலும் 470 மைக்ரோஃபாரட் நான்-போலார் (பிளஸ், மைனஸ் வேறுபாடு இல்லாத) கெபாசிட்டர் ஒன்றைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சுமை படிப்படியாகக் குறையும். பின்கதவுகளில் பழைய ஸ்பீக்கர்களே இருக்கட்டும். பாடகரின் குரல் டாஷ்போர்டுக்கு மேலிருந்து வருவதாகத் தோன்றும் வரை முன்-பின் ஸ்பீக்கர்களின் ஒலியளவைப் பங்கிடும் ஃபேடரை முன்பக்கமாக நகர்த்திக்கொண்டே வாருங்கள்.