தூக்கம் தொலைந்த இரவுகளும் அமுக்கராவும்: சித்த மருத்துவரின் பதில்கள்

பதற்றம், தூக்கமின்மை இரண்டுக்கும் அமுக்கராக் கிழங்கு உதவுமா என்று கேட்டவர்கள் பலர். அஸ்வகந்தா என்ற பெயரில் கடைகளில் விற்பதும் இதுவே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

படுத்த பிறகு இரண்டு மணி நேரம் அலுவலகக் கவலைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அமுக்கரா சாப்பிட்டால் அன்றிரவே தூக்கம் வருமா, டாக்டர்? (வங்கி ஊழியர், மதுரை)

வராது. அன்றிரவே தூங்கவைப்பது தூக்க மாத்திரையின் வேலை. அமுக்கரா நாள்பட மனப் படபடப்பைத் தணித்து, அந்த வழியில் தூக்கத்துக்கு இடம் தருகிறது. 2012இல் மன அழுத்தம் உள்ள 64 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், கிழங்கின் சாறுபொருளை 300 மில்லிகிராம் வீதம் தினம் இரு வேளை 60 நாள் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்கு அழுத்தம் தெளிவாகக் குறைந்தது. தூக்கம் பற்றிய 5 ஆய்வுகளை, மொத்தம் 400 பேரின் முடிவுகளை, 2021இல் ஒன்றாக வைத்து அலசியபோது, முன்னேற்றம் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. எட்டு வாரமாவது எடுத்தவர்களிடம் பலன் கூடுதலாக இருந்தது. அந்தச் ‘சிறியது’ என்பதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. மென்மையான மருந்திடம் மென்மையான பலனையே எதிர்பார்க்க வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு மேல் காபி, டீ குடிப்பவரானால் முதலில் அதை நிறுத்துங்கள். குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தும் அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் தங்கியிருக்கும்.

நாட்டு மருந்துக் கடையில் கிழங்கு வாங்கி நானே பொடித்துக்கொள்ளலாமா? எவ்வளவு சாப்பிட வேண்டும்? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பொடித்து அப்படியே சாப்பிடாதீர்கள், அம்மா. சித்த மருத்துவத்தில் கிழங்கைச் சுத்தி செய்த பிறகே மருந்தாக்குவோம். பானையில் பாலும் நீரும் கலந்து ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் கிழங்குத் தூளைப் பரப்பிப் பிட்டவியலாக அவித்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, மறுபடி இடித்துச் சலிக்க வேண்டும். ஈரம் நின்றுவிட்டால் பூசணம் பிடிக்கும். பொறுமை இல்லையென்றால் உரிமம் பெற்ற நிறுவனத்தின் அமுக்கரா சூரணத்தை வாங்குவதே நல்லது.

அந்தச் சூரணத்தின் கணக்கு அழகானது. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரண்டு மடங்கு. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 1 முதல் 2 கிராம், காலை, இரவு உணவுக்குப் பிறகு வெதுவெதுப்பான பாலில். தூக்கத்துக்காக மட்டும் என்றால் இரவு வேளை போதும் என்றே நான் தொடங்குவேன். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்வதால் வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது எரிச்சலைக் கூட்டலாம். அவர்களுக்கு வேறு வடிவில் கொடுப்போம்.

கிழங்கு மட்டுமே மருந்து. இலைத்தூள் கலந்த சரக்கை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூலிகைதானே, பயமில்லையே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

மேலே சொன்ன கணக்கைக் கூட்டிப் பாருங்கள், ஐயா. 255 பங்கில் 128 பங்கு சர்க்கரை. சூரணத்தில் பாதி அதுதான். இன்னொரு பக்கம், அமுக்கராவுக்கு ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சற்றே இறக்கும் குணம் உண்டு. மாத்திரையோடு சேரும்போது அளவுக்கு மீறி இறங்கலாம். உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, சர்க்கரை சேர்க்காத வடிவில் குறைந்த அளவில் தொடங்குங்கள். முதல் சில வாரங்கள் அடிக்கடி பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரை எடுக்கிறேன். இரவில் தூக்கமே இல்லை. (சேலம் வாசகி)

அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். தைராய்டு மிகையாகச் சுரப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. குறைவாகச் சுரந்து மாத்திரை எடுப்பவர்களுக்கும் அளவு தப்பும். உங்கள் தூக்கமின்மைக்கே மாத்திரையின் அளவு கூடிப்போனது காரணமாக இருக்கலாம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு உண்டா? முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், எடுக்கலாமா? (வேலூர்)

வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் வேண்டாம்.

பதற்றத்துக்குத் தரும் ஆல்பிரசோலம் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுக்கிறேன். நிறுத்திவிட்டு அமுக்கராவுக்கு மாறலாமா? (திருப்பூர்)

இதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். பல காலம் எடுத்த அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் பதற்றம் மட்டுமல்ல, வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்த மருத்துவர் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். அதைவிட வேகமான வழி எந்த மூலிகையிலும் இல்லை. இரண்டையும் நீங்களாகச் சேர்த்து எடுத்தால் மயக்கம் கூடும். வண்டி ஓட்டுபவருக்கு அது ஆபத்து.

பாட்டி சாதிக்காயைப் பாலில் உரைத்துத் தருவார். கசகசாவும் சொல்வார். அவை நல்லவையா? (கோயம்புத்தூர்)

நல்லவை, அளவோடு. சாதிக்காயை உரைகல்லில் இரண்டு மூன்று இழைப்பு இழைத்து ஒரு சிட்டிகை பாலில் கலந்தால் போதும். பலன் இல்லை என்று கரண்டியால் அள்ளிப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு அச்சம். 5 கிராம் அளவுக்குப் போனாலே படபடப்பு, குமட்டல், பிரமை எல்லாம் வரும். கைக்குழந்தைக்குத் தூக்கத்துக்காகக் கொடுக்காதீர்கள்.

கசகசாவை அரைத்துப் பாலில் காய்ச்சிக் குடிப்பது இதமானது. ஆனால் துபாய், சவூதி செல்பவர்கள் பெட்டியில் வைக்க வேண்டாம். அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள், கைதாகவும் நேரிடும்.

வெளிநாட்டில் மாத்திரை வடிவில் கிடைக்கிறது. அது போதுமா? (சிங்கப்பூர்)

மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் செறிவூட்டிய சாறு. 300 மில்லிகிராம் சாறும் 300 மில்லிகிராம் தூளும் ஒன்றல்ல. அதனால் நான் சொன்ன கிராம் கணக்கை மாத்திரைக்குப் பொருத்தாதீர்கள். அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளாதல், சிறுநீர் கருமஞ்சளாதல், உடம்பெங்கும் அரிப்பு தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தைராய்டு, பாலின ஹார்மோன்கள் குறித்த கவலையால் டென்மார்க் 2023இல் அஸ்வகந்தாவைத் தடை செய்தது. மரபாக நாம் பயன்படுத்துவது என்பதற்காக இதைக் கேட்காததுபோல் நான் கடந்துபோக முடியாது.

மகளுக்கு 17 வயது. நீட் தேர்வுப் பயத்தில் தூங்குவதில்லை, அழுகிறாள். சூரணம் கொடுக்கலாமா? (தாய், தர்மபுரி)

அவளுக்கு இப்போது தேவை சூரணம் அல்ல, கேட்கிற காது. மதிப்பெண் பேச்சை விட்டுவிட்டு அவளோடு உட்காருங்கள். கைப்பேசி இரவில் வேறு அறையில் இருக்கட்டும். விழிக்கும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். இருபது நிமிடம் படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பப் படுக்கலாம். நீண்டகாலத் தூக்கமின்மைக்கு நவீன மருத்துவம் முதலில் பரிந்துரைப்பதும் மாத்திரையை அல்ல, இத்தகைய பழக்கங்களை உள்ளடக்கிய மனப் பயிற்சியையே.

வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

எத்தனை நாள் தொடரலாம்? (நாகர்கோவில்)

இரண்டு மாதம் எடுத்துப் பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால் தொடர்வதில் பொருளில்லை. தெரிந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் மருத்துவரைப் பார்க்காமல் நீட்டாதீர்கள். ஆய்வுகளும் ஏறக்குறைய அந்தக் காலம் வரைதான் நடந்திருக்கின்றன. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி விழிப்பது இருந்தால் அமுக்கராவுக்காகக் காத்திராமல் காது மூக்கு தொண்டை நிபுணரையோ நுரையீரல் நிபுணரையோ பாருங்கள்.