ஒரே பெயர், பதினொரு கைப்பக்குவம்

கேள்வி: நாங்கள் 11 பேர் கொண்ட மகளிர் குழு. அவரவர் வீட்டில் அப்பளம் போட்டு, ஒரே பெயரில் கவரில் அடைத்து விற்கிறோம். கவர் அழகாக இருக்கிறது, ஒருமுறை வாங்குகிறார்கள், மறுபடி வருவதில்லை. விளம்பரம் செய்யலாமா? பெயரைத் தலைவி பேரில் பதிவு செய்யச் சொல்கிறார்கள், சரியா?
- ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: இப்போதைக்கு விளம்பரம் வேண்டாம். 'அவரவர் வீட்டில்' என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். போன வாரம் பூப்போலப் பொரிந்த அப்பளம் இந்த வாரம் அப்பளக்காரம் கூடிப்போய்ச் சிவந்து வந்தால், வாங்கினவருக்கு அது எந்த வீட்டில் போட்டது என்றெல்லாம் தெரியாது, கவரில் இருக்கிற பெயரைத்தான் திட்டுவார்.

லிஜ்ஜத் அப்பளம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1959 மார்ச்சில் மும்பை கிர்காவ்ன் பகுதியில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஒரு மொட்டைமாடியில் ஆரம்பித்தார்கள், முதல் நாள் போட்டது 4 பாக்கெட். அவர்களும் முதலில் நல்ல ரகம் ஒன்று, விலை குறைந்த ரகம் ஒன்று என்று இரண்டு போட்டவர்கள்தான். வழிகாட்டியாக இருந்த சகன்லால் பாரேக், ஒரே தரம்தான் போட வேண்டும், கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மழையில் காயவைக்க வழியில்லாமல் முதல் வருடம் 4 மாதம் வேலையே நின்றுபோனது. அடுத்த வருடம் ஒரு கட்டில் வாங்கி, மேலே அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்துக் காயவைத்தார்கள். லிஜ்ஜத் என்ற பெயர் வந்ததே 1962இல்தான், அதுவும் 5 ரூபாய் பரிசு அறிவித்துப் போட்டி வைத்து.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய வேலைப் பிரிவினை. மாவு பிசைவது கிளையில், தேய்த்துக் காயவைப்பது மட்டும் வீட்டில். கொண்டுவரும் அப்பளத்தைச் சோதித்துத்தான் எடுப்பார்கள், கூலி அன்றைக்கே. தேய்க்கிற ஒவ்வொரு பெண்ணும் பங்குதாரர். சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவரும் முதலாளி, அதை வாங்கிக்கொண்டு போகிறவரும் முதலாளி, அதனால்தான் உறுப்பினர்கள் 40,000 பேரைத் தாண்டியும் அந்த ஏற்பாடு குலையாமல் நிற்கிறது.

நீங்களும் உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம் எல்லாவற்றையும் அளந்து பிசைவதை ஒரே வீட்டுக்கு மாற்றுங்கள். பார்த்து வாங்க இரண்டு பேர், மாதத்துக்கு மாதம் ஆள் மாறட்டும், இல்லாவிட்டால் மனஸ்தாபம் வரும். ஒவ்வொரு அப்பளக் கட்டுக்குள்ளும் எந்த வீடு என்று ஒரு எண் எழுதிய சீட்டு இருக்கட்டும், புகார் வந்தால் யாரிடம் கேட்பது என்று அப்போதுதான் தெரியும்.

தலைவி பேரில் பதிவு செய்யவே வேண்டாம். நாளைக்கு அவர் குழுவை விட்டுப் போனால் பெயரும் அவரோடு போய்விடும், பத்து பேரும் புதுப் பெயரோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். லிஜ்ஜத் 1966இல் சங்கமாகவே பதிவானது. நீங்களும் சங்கமாகவோ கூட்டு நிறுவனமாகவோ முறைப்படி பதிவு செய்துகொண்டு, அதன் பேரில் வணிகச் சின்னத்துக்கு விண்ணப்பியுங்கள். கவரில் தலைவியின் போன் நம்பர் இருந்தால் அடுத்த முறை அச்சடிக்கும்போது அதையும் எடுத்துவிட்டு, குழுவுக்கென்று ஒரு நம்பர் வாங்கிப் போடுங்கள்.