பிரையன் ஆடம்ஸ், ஒரு காதல் பாட்டு – கடிதம்

வணக்கம் சார்,

கனடா ராக் பாடகர் பிரையன் ஆடம்ஸின் ஆல்பங்களை முதலிலிருந்து வரிசையாகக் கேட்டு வருகிறேன். அமெரிக்காவில் அவரை மேலே தூக்கிவிட்டது ‘ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஹார்ட்’ என்ற மெதுவான காதல் பாட்டு என்று தெரிந்ததும் சப்பென்று ஆகிவிட்டது. கிடார் அதிர அதிரப் பாடியதெல்லாம் விலைபோகவில்லை என்று காதலுக்கு இறங்கிவிட்டாரா? ராக் பாடகர்கள் எல்லாருமே கடைசியில் இதைத்தான் செய்வார்கள் என்கிறான் என் நண்பன்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொல்வதில் காலக்கணக்கு இடிக்கிறது. சோலோ ஆல்பம் ஒன்றுகூட வெளிவராத காலத்தில், பதினெட்டு வயதில் ஆடம்ஸ் எழுதிய பாட்டு அது. உடன் எழுதியவர் என்று எரிக் கக்னாவின் பெயரும் சேர்ந்து வரும். 1980இல் இயன் லாய்ட் தன் ஆல்பத்தில் அதைப் பாடினார். ‘பிரதர் லூயி’ பாடி 1973இல் முதலிடம் பிடித்தவர். அவர் பாடியும் இது எடுபடவில்லை. 1983இல் ஆடம்ஸே பாடியபோதுதான் பில்போர்டு பட்டியலில் 10ஆம் இடம் வரை போனது. அதே ஆண்டு பானி டைலரும் பாடினார். மூன்று பேருமே கரகரப்புக் குரல்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். இந்த மெட்டு அப்படிப்பட்ட தொண்டையைக் கேட்டு வாங்குகிறது என்றே நினைக்கிறேன்.

ஆடம்ஸின் தொண்டைக்கு ஒரு முன்கதை உண்டு. வான்கூவரில் ஜிம் வாலன்ஸோடு சேர்ந்து பாட்டெழுதிக்கொண்டிருந்த பையனை ஏ அண்ட் எம் இசைத்தட்டு நிறுவனம் ஒரே ஒரு டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 1979இல் ‘லெட் மீ டேக் யூ டான்ஸிங்’ என்ற பாட்டு வந்தது. டிஸ்கோ காலம் அல்லவா, நடனத்துக்குத் தோதாக ரீமிக்ஸில் டேப்பின் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். குரலும் கூடவே மேலே ஏறிக் கீச்சென்று ஆகிவிட்டது. கேட்டால் அவர் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள்.

அடுத்த இரண்டு ஆல்பங்களில் குரல் அவருடையதுதான், ஆனால் சுற்றிலும் கிடார். டிஸ்டார்ஷன் ஏற்றிய, அதாவது ஒலியை வேண்டுமென்றே சிதைத்த கிடாரும் கரகரக்கும், இவரும் கரகரப்பார். ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். ‘கட்ஸ் லைக் எ நைஃப்’ ஆல்பத்தில் பாப் கிளியர்மவுண்டனும் ஆடம்ஸும் தயாரிப்பாளர்களாக இருந்து இந்தப் பாட்டை எப்படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கீபோர்டு சுத்தமாக, வழவழவென்று ஒலிக்கிறது. அதன்மேல் இந்தச் சொரசொரப்பான குரல் வந்து உட்காரும்போது ஒவ்வொரு கீறலும் காதில் விழுகிறது. உச்ச ஸ்தாயியில் குரல் உடையப்போகிறது என்று தோன்றும், உடையாது. அந்தப் பதற்றம்தான் பாட்டு. வரிகளில் பெரிய கவித்துவம் ஒன்றும் இல்லை, பதினெட்டு வயதுப் பையன் எழுதியவை போலத்தான் இருக்கின்றன.

வியாபாரமே இல்லை என்று சொல்லவரவில்லை. அமெரிக்க ரேடியோவில் ராக் நிலையங்கள் தனி, மென்மையான பாட்டு போடும் நிலையங்கள் தனி. இப்படி ஒரு பாட்டு இருந்தால் இரண்டு கதவும் திறக்கும், கம்பெனிக்கு அது தெரியாதா என்ன! ஆனால் திறந்த கதவு வழியாக அடுத்து உள்ளே போனது எது? ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, அசல் கிடார் ராக். அது 15ஆம் இடம் வரை வந்தது. அந்த ஆண்டு ஜர்னி என்ற அமெரிக்க ராக் குழுவின் கச்சேரிகளில் முன்பாட்டு பாடப் போனார். ஜர்னியின் ‘ஃபெய்த்ஃபுல்லி’ பாதிப்பில் பிறந்ததுதான் ஆடம்ஸின் ‘ஹெவன்’. அதில் டிரம்ஸ் வாசித்தவரே ஜர்னியின் ஸ்டீவ் ஸ்மித். 1985இல் அது முதலிடம் பிடித்தது. ஆனால் அது இடம்பெற்ற ‘ரெக்லெஸ்’ ஆல்பத்தில்தான் ‘ரன் டு யூ’வும் ‘சம்மர் ஆஃப் 69’உம் இருக்கின்றன. இறங்கிப்போனவன் போடுகிற ஆல்பமா அது?

1991இல் ராபின்ஹூட் படத்துக்குப் பாடியது பிரிட்டனில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த காதல் பாட்டுகளைப் பற்றி உங்கள் நண்பர் புலம்பினால் நானும் பாதி அவர் கட்சிதான். அந்தக் கோபத்தைப் பின்னால் கொண்டுபோய் 1983 மேல் கொட்ட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்த டிஸ்கோ ரீமிக்ஸ் யூடியூபில் கிடைத்தால் முதலில் அதைப் போடுங்கள், கையோடு ‘ஸ்ட்ரெய்ட் ஃப்ரம் த ஹார்ட்’ போடுங்கள். ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள். பிறகும் சண்டை பிடித்தால் எனக்கு எழுதுங்கள்.