சொல் கேளுங்கள்: சூப்பும் கஞ்சியும்

கேள்வி: சூப்பிக் குடிப்பதால்தான் ‘சூப்’ என்று பெயர் வந்தது, ஆங்கிலேயர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல் அது என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது; சொல் நடந்துபோன தடம் தெரிய வேண்டும். ‘சூப்’ 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு முன்பு, பிற்கால லத்தீனில் ‘சுப்பா’ என்றால் சாற்றில் ஊறவைத்த ரொட்டித் துண்டு. ரொட்டியின் பெயர் நாளடைவில் சாற்றுக்கே போய்விட்டது. இரவு உணவைச் சொல்லும் ‘சப்பர்’ இதே குடும்பம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘ரெஸ்டாரண்ட்’ என்பதும் முதலில் ஒரு சூப்பின் பெயர்! உடம்பைத் தேற்றும் சாறு என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அதை விற்ற கடைக்கே பிறகு அந்தப் பெயர் வந்தது.

கேள்வி: சீன உணவுப் பட்டியலில் அரிசிக் கஞ்சியை ‘காஞ்ஜி’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்கள். அது சீனச் சொல்லா?

பதில்: நம் ‘கஞ்சி’யேதான். இதற்கு நல்ல தடம் இருக்கிறது. போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலில், நோயாளிக்கு மிளகும் சீரகமும் போட்டுக் கொடுக்கும் அரிசி நீரை ‘கஞ்சே’ என்று எழுதியிருக்கிறார். போர்ச்சுகீசியர் வழியாகச் சொல் ஆங்கிலத்துக்குப் போனது. சீனாவின் அரிசிக் கஞ்சிக்கும் ஆங்கிலத்தில் அதையே வைத்துவிட்டார்கள்; கான்டன் மக்கள் தங்கள் கஞ்சியை ‘ஜூக்’ என்பார்கள். போர்ச்சுகலில் ‘கன்ஜா’ இன்று அரிசி போட்ட கோழி சூப். நாம் ‘அல்வா சாப்பிடுற மாதிரி’ என்று சொல்லும் இடத்தில் அவர்கள் ‘அது கன்ஜா’ என்கிறார்கள்.

ஓர்த்தாவின் அந்த வரியைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. காய்ச்சல் என்று படுத்தால் டம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வருவார். அதற்குள் மேலே மெல்லிசாக ஆடை படிந்திருக்கும், விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிப்பேன். அதே வடிகஞ்சியில்தான் பருத்திச் சேலையையும் முக்கி எடுப்பார். காய்ந்தால் பலகை போல நிற்கும். இந்த இரண்டு பொருளும் ஆங்கிலத்துக்குச் சேர்ந்தே போயின. வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சிப்பாயை அடைத்துவைக்கும் அறைக்கு ‘கஞ்சி ஹவுஸ்’ என்றே பெயர். உள்ளே கிடைத்த சாப்பாடு அது! ‘மல்லிகடானி’ சூப் நம் மிளகுத்தண்ணீர் என்பது பலருக்கும் தெரிந்ததே.

கேள்வி: கூழ் என்றால் ஏழை உணவு என்ற பொருள் எப்போதுமே இருந்ததா?

பதில்: இல்லை. ‘சிறுகை அளாவிய கூழ்’ (குறள் 64) என்னும்போது குழந்தை கைவிட்டுத் துழாவிய உணவு, அவ்வளவுதான். ‘படைகுடி கூழ்அமைச்சு’ (381) என்று அரசனுக்கு உரியவற்றை எண்ணும்போது கூழ் என்பது நாட்டின் செல்வம். படைக்கும் குடிக்கும் அடுத்த இடம்! வறியவர் குடிக்கும் நீர்த்த கஞ்சிக்கு வள்ளுவர் வேறு சொல் வைத்திருந்தார்: ‘தெண்ணீர் அடுபுற்கை’ (1065). புற்கை வழக்கிலிருந்து ஒதுங்கிப்போக, எளிய உணவு என்ற பொருளைக் கூழ் சுமக்கிறது. ‘கூழானாலும் குளித்துக் குடி’ என்ற பழமொழியில் அந்தப் பொருள் உறுதியாக உட்கார்ந்துவிட்டது.

கேள்வி: ரசத்துக்குத் தமிழ்ச்சொல் உண்டா?

பதில்: சாறு. கன்னடத்தில் இன்றும் ‘சாரு’தான். நம்மிடையே வைணவர் வீடுகளில் ‘சாற்றமுது’ என்று கேட்கலாம்.