மீன் தொட்டி: போர்வெல் தண்ணீரில் பிஹெச் ஏறிக்கொண்டே இருக்கிறது, என்ன ஊற்றலாம்?

தண்டையார்பேட்டை, 60 லிட்டர் தொட்டி, போர் தண்ணீர், பிஹெச் 8.2. பிஹெச் டவுன் (பிஹெச்சைக் குறைக்க விற்கும் அமிலக் கரைசல்) ஊற்றினால் 7-க்கு இறங்கி மறுநாளே பழையபடி ஏறிவிடுகிறது, மென்னீர் மீனான நியான் டெட்ரா ஒவ்வொன்றாகச் சாகிறது என்கிறீர்கள்.

முதலில் அந்த பாட்டிலை நிறுத்துங்கள். நிலையான 8.2-ஐ ஓரளவு தாங்கும் மீன்கூட தினமும் இறங்கி ஏறுவதைத் தாங்காது.

தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டின் அளவுதான் கேஹெச். அமிலம் விழுந்ததும் பைகார்பனேட் கரியமில வாயுவாக மாறும். அந்த வாயு தண்ணீரில் இருக்கும்வரை பிஹெச் குறைவாகக் காட்டும். ஏர் பம்ப் அதை வெளியேற்றியதும் ஏறிவிடும். விடாமல் ஊற்றினால் ஒருநாள் கேஹெச் தீர்ந்து, பிஹெச் ஒரேயடியாகச் சரியும். பல பாட்டில்களில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம், பாசிக்கு நல்ல உரம். போரில் இருந்து அப்போதே பிடித்த தண்ணீரும் இதே வாயுவால் குறைவாகக் காட்டும். பக்கெட்டில் ஒரு ராத்திரி காற்று விட்ட பிறகு அளந்து பாருங்கள்.

கொளத்தூர் மீன் கடைகளில் ஜிஹெச் (கால்சியம், மெக்னீசியத்தால் வரும் மொத்தக் கடினம்), கேஹெச் சொட்டு கிட் கேட்டு வாங்குங்கள். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். கேஹெச் கிட்டில் நீலம் மஞ்சளாகும்வரை எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி. ஒரு டிகிரி சுமார் 17.9 பிபிஎம். கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இதற்கு மாற்றாகாது. கடலோர போர்வெல்களில் உப்பும் கலந்திருப்பதால் 1500 என்று காட்டினாலும் அதில் கடினம் எவ்வளவு என்று தெரியாது. மாடியில் சாஃப்ட்னர் வைத்திருந்தால் அந்தத் தண்ணீரும் வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைப் போடும், கேஹெச் அப்படியே இருக்கும்.

சரியான வழி, கலப்பதுதான். உதாரணமாக போரில் ஜிஹெச் 20, கேஹெச் 14 என்றால் 8 லிட்டர் போர் தண்ணீரோடு 12 லிட்டர் ஆர்ஓ சேருங்கள். ஜிஹெச் 8, கேஹெச் 5.6-க்கு வரும். கேன் தண்ணீரில் தாது சேர்ப்பவர்களும் உண்டு, அளந்துவிட்டே ஊற்றுங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் போக ஒருநாள் காற்று விட வேண்டும். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் ஒரு மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். வெயிலில் வற்றுவதை ஈடுகட்ட ஆர்ஓ மட்டும் ஊற்றுங்கள், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், தாதுக்கள் தொட்டியிலேயே தங்கிவிடும்.

முழுக்க ஆர்ஓவில் வளர்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபில்டர் பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகும், அது கேஹெச்சைத் தின்னும். கேஹெச் காலியானால் பிஹெச் 6-க்குக் கீழே போய், பாக்டீரியா மந்தமாகி, அம்மோனியா சேரும். அந்த பிஹெச்சில் அதனால் பெரிய ஆபத்து தெரியாது. பதறிப்போய் ஒரு பக்கெட் போர் தண்ணீரை ஊற்றும்போதுதான் விபரீதம்: பிஹெச் 7-ல் இருந்து 8 ஆனாலே நச்சு அம்மோனியாவின் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும், ஒரே இரவில் மொத்த மீனும் போய்விடும். கேஹெச்சை 3-க்குக் கீழே விடாதீர்கள். 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போட்டால் ஒரு டிகிரி ஏறும். பிஹெச் குறைக்கப் போடும் வாதா மர இலையும் கேஹெச் குறைந்த தண்ணீரில்தான் வேலை செய்யும், உங்கள் போர் தண்ணீரில் நிறம் மட்டுமே மாறும்.

போர் தண்ணீரிலேயே ஏஞ்சல் மீன் முட்டை போடுகிறது என்பவர்களை நான் மறுக்கவில்லை. கடின நீர்ப் பண்ணையில் பிறந்த மீன் பழகிவிடும். கலக்க நேரமில்லையென்றால் கப்பி, மோலி, பிளாட்டி வளர்க்கலாம், அவற்றுக்குக் கடின நீர்தான் பிடிக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. பாசி தின்னும் என்று கடையில் தலையில் கட்டும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் பாவம் பார்த்து ரெட்டேரியிலோ கோயில் குளத்திலோ விடுகிறார்கள். தென்னமெரிக்க மீன் அது. இங்கே பெருகி, கரையில் வளை தோண்டி, நம் மீன்களுக்கு இடமில்லாமல் செய்கிறது. பெரிதானால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் கேளுங்கள், மாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.